பழைய எஸ்டி (Yezdi) பைக் வாங்கலாமா? வச்சு ஓட்டுறவங்க சொல்லுங்க

பல்லடம் தறிக்காரன்:

எல்லாருக்கும் வணக்கமுங்க. வயசு 34, பல்லடத்துல சொந்தமா எட்டு விசைத்தறி ஓடுது. தினமும் போக வர 125 சிசி வண்டி இருக்கு, அதுல எந்தக் குறையும் இல்ல. எங்களுக்குத் தறிக்குப் பாவு நூல் கொண்டு வர்ற பெரியவர் வீட்டுல 1989 மாடல் எஸ்டி ரோட்கிங் ஒண்ணு நிக்குது. வயசாயிடுச்சு, கிக்கர் மிதிக்க முட்டி ஒத்துழைக்கலன்னு கொடுக்கப் போறார். 55 ஆயிரம் சொல்றார். போன ஞாயித்துக்கிழமை உடுமலை ரோட்டுல ஒரு மூணு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தேன். இறங்கி வந்ததுல இருந்து அந்தச் சத்தம் காதுலயே இருக்கு.

வீட்டுக்காரம்மா கோவப்படல. "எதுக்கு அது? அதுல என்ன கிடைக்கும்?"னு மட்டும் கேட்டாங்க. எனக்குப் பதில் வரல. இன்ஜின் கணக்கெல்லாம் நெட்டுல படிச்சுட்டேன். வருஷக்கணக்கா வச்சு ஓட்டுறவங்க யாராவது இருந்தா, அதுல உங்களுக்கு என்ன கிடைக்குதுன்னு சொல்லுங்க. செலவையும் மறைக்காம சொல்லுங்க.

கோவை ஆர்சி:

மத்தவங்க ஆசையைப் பத்திச் சொல்லட்டும், நான் காகிதத்தைப் பத்திச் சொல்றேன். முன்பணம் கொடுக்கிறதுக்கு முன்னாடி ஆர்சி புத்தகத்தைக் கையில வாங்கி, சேசிஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் வண்டியில தேய்ச்சுப் பார்த்துச் சரிபாருங்க. 15 வருஷம் தாண்டின வண்டிக்கு 5 வருஷத்துக்கு ஒரு தடவை பதிவைப் புதுப்பிக்கணும். பெரியவர் கடைசியா எப்போ புதுப்பிச்சார்னு கேளுங்க. விட்டிருந்தா, அதை அவர் பேர்லயே முடிச்சுட்டு அப்புறம் பேர் மாத்துறதுதான் சுலபம். பேர் மாத்த 29, 30 ரெண்டு படிவம். எஸ்டி நிறைய கர்நாடகாப் பதிவுல இருக்கும். உங்களோடதும் அப்படின்னா அங்கிருந்து என்ஓசி, அதாவது தடையில்லாச் சான்று வேணும். பசுமை வரி ரசீதையும் மறக்காதீங்க. காகிதம் சுத்தமா இருந்தா 55 தப்பில்ல.

சேந்தமங்கலம் எஸ்டி:

தம்பி, உங்க வீட்டம்மா கேட்டது நல்ல கேள்விங்க. பத்து வருஷமா நானும் இதுக்குப் பதில் யோசிச்சிருக்கேன். அதனால நீளமாவே எழுதறேன், பொறுமையாப் படிங்க.

என்னோடது 1984 எஸ்டி. எங்க ஐயன், அதான் அப்பா, 1987ல செகண்ட் ஹேண்டா வாங்கினது. ஐயனுக்குக் குச்சிக்கிழங்கு, அதான் மரவள்ளி, வியாபாரம். சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி, பேளுக்குறிச்சின்னு காடு காடாப் போய்க் கிழங்கு பார்த்து ஜவ்வரிசி பண்ற சேகோ ஃபேக்டரிக்குப் பேசி விடுவார். கிழங்குல மாவு எவ்வளவுன்னு பாயிண்ட் கணக்குலதான் விலை. வண்டியிலயும் பாயிண்ட் உண்டு, பிளக்குக்குக் கரண்ட் அனுப்புறது அதுதான். பின்னாடி உக்காந்து போற எனக்கு அப்போ 14 வயசு. "பாயிண்ட் சரியில்லடா"ன்னு ஐயன் சொன்னா, காட்டைச் சொல்றாரா வண்டியைச் சொல்றாரான்னு அவர் முகத்தைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்குவேன். கிழங்குன்னா முகம் சுருங்கும். வண்டின்னா சட்டைக் கையை மடிச்சு விடுவார்.

2004ல ஐயன் தவறிட்டார். வண்டி மாட்டுக் கொட்டாயில 11 வருஷம் நின்னுச்சு. 2015ல கொட்டாயைப் பிரிக்கிறப்ப வெளிய இழுத்தோம். டேங்குக்குள்ள துரு, ரெண்டு சைலன்சருக்குள்ளயும் எறும்புப் புத்து, சீட்டுல எலி. எடைக்குப் போட ஆள் வந்து நின்னான். வேணாம்னு சொல்லி அனுப்பிட்டேன். அன்னைக்கு எனக்கே காரணம் தெரியாது.

எங்க நாமக்கல் லாரிக்குப் பாடி கட்டுற ஊரு. லேத்துக்கும் வெல்டிங்குக்கும் பஞ்சமே இல்ல. ராசிபுரத்துல எழுபது வயசு மெக்கானிக் ஒருத்தர் இன்ஜினை எடுத்துக்கிட்டார். கிராங்கை பிரஸ்ஸுல பிரிச்சு கனெக்டிங் ராடு மாத்தினோம், சிலிண்டரோட உள்பக்கத்தை, அதான் போரை, கடைஞ்சு ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டோம், ஆயில் சீல் எல்லாம் புதுசு. பார்ட்ஸ் தேடி கோயமுத்தூர் உக்கடத்துக்கு மூணு தடவை, சென்னை புதுப்பேட்டைக்கு ஒரு தடவை அலைஞ்சேன். ஏழு மாசம், 42 ஆயிரம் ரூபாய். டேங்குல ஐயன் தொடை உரசி உரசிப் பெயிண்ட் போன இடம் ரெண்டு பக்கமும் இருந்துச்சு. டேங்குக்கு மட்டும் பெயிண்ட் அடிக்க விடல. துரு ஏறாம மேல லாக்கர் மட்டும் பூசினோம். இன்னைக்கு என் தொடை அதே இடத்துல உக்காருது.

இப்போ உங்க கேள்விக்கு வரேன்.

காலையில அஞ்சரைக்கு வண்டியை வாசல்ல நிறுத்தி பெட்ரோல் டேப்பைத் திறப்பேன். கார்ப்ரேட்டர் தலையில சின்னதா ஒரு பொத்தான், அதை ரெண்டு மூணு தடவை அமுக்கினா பெட்ரோல் கசிஞ்சு விரல்ல படும். அந்த ஈரம்தான் வண்டி தயார்னு சொல்ற பாஷை. இடது பக்கத்து லீவரை உள்ள அழுத்திப் பின்னாடி தூக்கினா அது கிக்கர். மிதிச்சு ஸ்டார்ட் பண்ணி முன்னாடி மடக்கினா அதுவே கியர். ஒரே இரும்புக்கு ரெண்டு வேலை. இப்படி யோசிச்சவன் யாரோ, அவன் மேல எனக்கு ரொம்ப மரியாதை. கியரை மிதிக்கும்போதே கிளட்ச்சும் தானா விடுபடும். கிளட்ச் கேபிள் அத்துப்போய் நான் திருச்செங்கோட்டுல இருந்து வீடு வரைக்கும் ஓட்டிட்டு வந்திருக்கேன்.

அப்புறம் சத்தம். ஒரு சிலிண்டர், ரெண்டு சைலன்சர், டூ ஸ்ட்ரோக். நின்னுக்கிட்டு ஓடுறப்ப ஒழுங்கா வெடிக்காது. டங், டங்... டடங்னு இடையில ஒரு தாளத்தை விட்டுட்டு வாங்கும். ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் திருகி நாப்பதைத் தாண்டினா எல்லா வெடியும் ஒண்ணாச் சேர்ந்து ஒரு இழுப்பா மாறும். அந்த மாற்றம் கையில, தொடையில, பல்லுல தெரியும். நான் அதுக்கு மேல அதிகம் போறதில்ல, அம்பதுதான். பால் வண்டி, காலேஜ் பஸ்ஸு, சின்னப் பசங்க ஸ்கூட்டரு எல்லாம் என்னை முந்திப் போகும். போகட்டும். அம்பதுல போறப்பதான் கிழங்குக் காட்டுல தண்ணி பாயுற வாசனை வரும், யார் வீட்டுல சோளத்தட்டு அறுத்திருக்காங்கன்னு தெரியும், தோட்டத்துல நிக்கிறவர் கையைத் தூக்கினா நாமளும் தூக்க நேரம் இருக்கும். ஐயன் இந்த ரோட்டுல பார்த்ததை எல்லாம் அவர் பார்த்த வேகத்துலயே நானும் பார்க்கறேன். எனக்குக் கிடைக்கிறதுல பெரிய பங்கு அதுதானுங்க.

மாசத்துக்கு ஒரு தடவை கொல்லிமலை. காரவள்ளியில இருந்து 70 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது ரெண்டாவது கியர்ல போட்டுட்டா முனகாம ஏறும். டூ ஸ்ட்ரோக்குக்கு கிராங்கு சுத்துற ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு வெடி, அதனாலதான் மெதுவாப் போனாலும் அந்த இழுவை. சோளக்காடு சந்தையில டீ குடிச்சுட்டு, பலா காய்க்கிற காலமா இருந்தா ஒண்ணை வாங்கி சீட்டுல கட்டிக்கிட்டு இறங்குவேன்.

இறங்குறதைப் பத்தி ஒண்ணு சொல்லணும், இதை மட்டும் மனசுல போட்டுக்குங்க. இந்த இன்ஜினுக்குத் தனியா ஆயில் ஓட்டம் கிடையாது. பெட்ரோல்ல நாம கலக்குற 2டி ஆயில்தான் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் போகும். ஆக்சிலேட்டரை முழுசா மூடிக்கிட்டு இறங்கினா பெட்ரோல் ரொம்பக் கம்மியாத்தான் உள்ள போகும், ஆயிலும் அப்படித்தான். ஆனா சக்கரம் இன்ஜினைச் சுத்தி விட்டுக்கிட்டே இருக்கும். முதல் வருஷம் எனக்கு இது தெரியல. இருபத்தேழாவது வளைவுப் போர்டுகிட்ட சத்தம் மெலிஞ்சு, பின்சக்கரம் இழுத்துப் பிடிச்ச மாதிரி ஆச்சு. நல்லவேளை, கை தானாவே கிளட்ச்சைப் பிடிச்சிருச்சு. பிஸ்டன் சிலிண்டருக்குள்ள புடிச்சுக்கிச்சு. தப்பு முழுக்க என்னோடது. பலாப்பழம் ஏத்திக்கிட்டு வந்த ஜீப்காரர் ஒருத்தர் நிறுத்தி, "சூடு ஆறட்டும் அண்ணா, தண்ணி மட்டும் ஊத்திராதீங்க"ன்னு சொல்லிட்டுக் கூடவே உக்காந்திருந்தார். முக்கால் மணி நேரம் கழிச்சு பிளக்கைக் கழட்டி, பாட்டில்ல இருந்து கொஞ்சம் 2டி ஆயிலை ஓட்டையில விட்டு, கிக்கரைக் கையாலயே மெதுவா அமுக்கினேன். விட்டுக்குச்சு. அப்ப எனக்கு வந்த நிம்மதியை எழுதத் தெரியல. இப்போ ரெண்டு வளைவுக்கு ஒரு தடவை கிளட்ச்சைப் பிடிச்சு ஆக்சிலேட்டரை ஒரு முறுக்கு முறுக்கிட்டுத்தான் இறங்குறேன். இன்ஜினுக்குத் தண்ணி காட்டுற மாதிரி.

செலவு கேட்டீங்க. லிட்டருக்கு 28 கிலோமீட்டர் கொடுக்குது, அதுக்கு மேல எதிர்பார்க்காதீங்க. லிட்டருக்கு 35 மில்லி ஆயில், நான் மூடியில அளந்து ஊத்துறேன். பங்க்ல முதல்ல ஆயில், அப்புறம் பெட்ரோல், அப்பதான் தானாக் கலக்கும். இப்போ வர்ற பெட்ரோல்ல எத்தனால் இருக்கு, ஈரத்தை இழுக்கும். பழைய டேங்கும் பழைய ரப்பரும் அதைத் தாங்காது. அதனால மூணு நாள் எடுக்க மாட்டோம்னு தெரிஞ்சா டேப்பை மூடி, கார்ப்ரேட்டர் காலியாகிற வரைக்கும் ஓட விட்டு நிறுத்துறேன். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை சைலன்சருக்குள்ள இருக்கிற குழாயை உருவி, காஸ்டிக் சோடாவுல ஊறவச்சுக் கரியை எடுக்கணும். கரி அடைச்சா வண்டி மூச்சு முட்டும், சத்தமே சொல்லிரும். அந்த வேலையை என் மக செய்வா, பன்னண்டாவது படிக்கிறா. ரப்பர் கையுறை போட்டுக்கிட்டு, கரி போய் இரும்பு பளபளன்னு வர்றதைப் பார்க்க அவளுக்கு அவ்வளவு பிடிக்கும்.

புகை வரும். இல்லைன்னு சொன்னா பொய். அதனால வாரத்துக்கு ரெண்டு நாள்தான் எடுக்கறேன். நாமக்கல்ல லாரி புக்கிங் ஆபீஸ் வேலைக்குப் போறது நூறு சிசி வண்டியில.

ஓசூர் 293:

சேந்தமங்கலம் அண்ணா எழுதினதை ரெண்டு தடவை படிச்சேன். நான் ஓட்டுறது 2018 நவம்பர்ல திரும்ப வந்த ஜாவா, 293 சிசி, தண்ணியில குளிரூட்டுற ஃபோர் ஸ்ட்ரோக், பட்டனை அமுக்கினா ஸ்டார்ட். பழைய சாயல் வேணும், ஆனா தினமும் ஆபீஸ் போகணும்னா இப்படி ஒண்ணு போதும். பெங்களூர் டிராஃபிக்ல மாட்டினாலும் பயம் இல்ல. சாயங்காலம் ராயக்கோட்டை ரோட்டுல திரும்பினா எனக்கும் மனசு லேசாயிடும்.

ஆனா ஒண்ணு. மைசூர் யாதவகிரியில அந்தப் பழைய ஃபேக்டரி இருந்த இடத்தை ஒரு தடவை போய்ப் பார்த்தேன். 1961ல செக்கோஸ்லோவாக்கியா ஜாவாவோட உரிமத்துல ஆரம்பிச்சு, எழுபதுகள்ல எஸ்டின்னு சொந்தப் பேர் வச்சு, 1978ல ரோட்கிங் விட்டு, 1996ல மூடினாங்க. 84, 85ல ஜப்பான் கூட்டுல நூறு சிசி வண்டிங்க வந்து மைலேஜ் ரெண்டு மடங்குக்கு மேல கொடுத்தப்ப, இதால தாக்குப்பிடிக்க முடியல. எஸ்டிங்கிற பேரே ஈரான்ல இருக்கிற யஸ்த் ஊர்ல இருந்து வந்ததுன்னு சொல்வாங்க, ஆரம்பிச்ச குடும்பத்தோட பூர்வீகம் அந்தப் பக்கம். கேட்டுக்கு வெளிய நின்னப்ப என் வண்டியைவிட உங்க வண்டிதான் அங்க நிக்க வேண்டியதுன்னு தோணுச்சு. ரோட்கிங் நல்ல நிலையில கிடைச்சா விடாதீங்க தறிக்கார தம்பி.

ஸ்ரீரங்கத்து மருமகள்:

பெண்கள் யாரும் எழுதலையே, அதான் வந்தேன். என் மாமனாரோட எஸ்டியை ஏழு வருஷமா நான்தான் ஓட்டறேன். கிக்கர் மிதிக்கப் பலம் வேணும்னு எல்லாரும் பயமுறுத்துவா. அவ்வளவு பலம் வேண்டாம். முதல்ல லீவரை மெதுவா அமுக்கி எங்க கனமா எதிர்க்கறதுன்னு பாருங்கோ. அந்த இடம் தெரிஞ்சதும் லீவரை மேல விட்டு, உடம்போட கனத்தை ஒரே மூச்சுல இறக்கணும். எனக்கு 48 கிலோதான். பெரும்பாலும் ரெண்டாவது உதையில எடுத்துடும்.

உங்க ஆத்துக்காரிக்கு ஒரு சேதி சொல்லுங்கோ. பின்னாடி உக்காந்து பார்த்தா பதில் கிடைக்காது. அவா கையில ஹேண்டில்பாரைக் கொடுங்கோ. காவிரிக் கரை ரோட்டுல முதல் தடவை தனியா மூணாவது கியர் போட்டப்ப எனக்கு வயசு 41. கல்லணை வரைக்கும் நிறுத்தவே இல்ல.

பல்லடம் தறிக்காரன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. சேந்தமங்கலம் அண்ணா எழுதினதை வீட்டுல சத்தமாப் படிச்சுக் காட்டினேன். டேங்குல தொடை உரசின இடம் வர்றப்ப அவங்க நிமிர்ந்து பார்த்தாங்க. ஸ்ரீரங்கம் அக்கா சேதியையும் சொல்லிட்டேன். பதில் சொல்லல, ஆனா நேத்து வண்டி பார்க்கப் போனப்ப கூட வந்தாங்க.

ஆர்சி சரியா இருக்கு, தமிழ்நாட்டுப் பதிவு, புதுப்பிச்சு ரெண்டு வருஷம்தான் ஆகுது. சேசிஸ் நம்பர் ஒத்துப்போகுது. ஒரே ஒரு சந்தேகம். ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் ஆகியும் வெள்ளைப் புகை நிக்கல, கெட்டியா வருது. கியர் பாக்ஸ் ஆயிலும் அடிக்கடி குறையுதுன்னு பெரியவரே சொன்னார். போர் போயிருச்சா?

சேந்தமங்கலம் எஸ்டி:

அந்த மனுசன் தானா முன்வந்து சொன்னார் பாருங்க, அவர்கிட்ட தைரியமா வாங்கலாம்.

போர் இல்லைங்க தம்பி, போரா இருந்தா இழுவை குறைஞ்சு பிஸ்டன் தட்டுற சத்தம் கேட்கும். இது அனேகமா கிராங்கோட இடது பக்க ஆயில் சீல். அந்தப் பக்கம்தான் பிரைமரி செயினும் கியர் பாக்ஸ் ஆயிலும் இருக்கு. சீல் இறுகிப் போனா இன்ஜின் மூச்சு இழுக்கிறப்ப அந்த ஆயிலையும் சேர்த்து உறிஞ்சிரும், அதுதான் வெள்ளைப் புகை. வலது பக்க சீல் போனா வேற மாதிரி. வெறும் காத்தை இழுத்து, ஆக்சிலேட்டரை விட்டாலும் இன்ஜின் தானா ஏறும், சூடாகும். அதுதான் ஆபத்து. அப்படி ஏதும் இருந்துச்சான்னு யோசிச்சுப் பாருங்க. சீல் விலை பெருசில்ல, மாத்துற கூலிதான் செலவு. அதைச் சொல்லி 50க்குப் பேசுங்க, பெரியவர் ஒத்துக்குவார். ரெண்டு சீலையும் சேர்த்தே மாத்திருங்க.

பல்லடம் தறிக்காரன்:

அண்ணா, 50க்கே முடிஞ்சது. ஆக்சிலேட்டரை விட்டா ஒழுங்கா இறங்குது, தானா ஏறல, பார்த்துட்டேன். சாவி கொடுக்கிறப்ப பெரியவர் டேங்கை ஒரு தடவை தடவிட்டு, "பாவு இறக்க வர்றப்ப வாசல்ல நிறுத்தி வை, பார்த்துக்கிறேன்"னார். வாசல்ல நிக்கிற வரைக்கும் அவர் வண்டியாவே இருக்கட்டும்னு சொல்லிட்டு வந்தேன்.

வர்ற பத்தாம் தேதி ராசிபுரம் வரலாம்னு இருக்கோம். உங்க மெக்கானிக் ஐயா இன்னும் வேலை செய்றாரா? நாங்க ரெண்டு பேரும் வர்றோம். அவங்க போகையில பாதி தூரம் தானே ஓட்டுறதாச் சொல்லியிருக்காங்க.

சேந்தமங்கலம் எஸ்டி:

செய்றாருங்க, காலையில மட்டும். பத்து மணிக்குள்ள வந்துருங்க. சீல் செட்டு என்கிட்ட ஒண்ணு எக்ஸ்ட்ரா இருக்கு, உக்கடத்துல வாங்கி வச்சது, நானே எடுத்துட்டு வந்துடறேன். சாப்பாடு நம்ம வீட்டுல.